மீன் படாத நாளில் முதலில் காற்றைப் பாருங்கள்: வெள்ளாற்று முகத்துவாரத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தையும், அதற்குத் தெற்கே கிள்ளை, பிச்சாவரம் வழியாகக் கொள்ளிடம் வரை பின்னிக் கிடக்கும் உப்பங்கழியையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆறு இங்கே மேற்கிலிருந்து வந்து கிழக்கே கடலில் விழுகிறது. கடற்கரையோ ஏறத்தாழ வடக்கு தெற்காக நேராகப் போகிறது. அதனால் காற்றுக் கணக்கு எளிது: கிழக்குக் காற்று வாய்க்குள் நுழையும், மேற்குக் காற்று வாயிலிருந்து வெளியேறும். உங்கள் ஊர் முகத்துவாரம் வேறு பக்கம் பார்த்திருந்தால், திசைகளை அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும்.

மீன் படவில்லை என்றால் பலரும் முதலில் இரையை மாற்றுகிறார்கள், அடுத்து முள்ளை, அதற்கும் அடுத்து இடத்தை. காற்று எந்தப் பக்கம் என்று கடைசியில்தான் பார்க்கிறார்கள். நம் கரையில் இந்த வரிசையைத் தலைகீழாக வைக்க வேண்டும். நம் ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் அளவு, சிறியது என்பதுதான் காரணம். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும். அங்கே காற்று தள்ளும் ஒரு சாண் தண்ணீர் கணக்கிலேயே வராது. இங்கே அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. அட்டமி, நவமியில் அதில் பாதிகூட இருக்காது. அன்றைக்குக் காற்று ஒரு சாண் தண்ணீரைத் தள்ளினாலோ பிடித்து வைத்தாலோ, அட்டவணையில் அச்சடித்த ஏற்றமே காணாமல் போய்விடும். ஓத அட்டவணை நிலவையும் சூரியனையும் வைத்துப் போட்ட கணக்கு. இன்றைய காற்று அதில் இல்லை.

எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்பும் மூன்றைப் பார்த்துவிடுங்கள். காற்று எங்கிருந்து வருகிறது? வடகிழக்குக் காற்று என்றால் வடகிழக்கிலிருந்து வருவது. கைபேசிச் செயலியில் காட்டும் அம்பு பெரும்பாலும் போகும் திசையைக் காட்டும், இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அடுத்து, எத்தனை நேரமாக அந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது? ஒரு மணி நேரக் காற்று நீரின் மேல்தோலைத்தான் நகர்த்தும், இரண்டு நாள் நீடித்த காற்று கடல்மட்டத்தையே மாற்றும். மூன்றாவது வேகம். திறந்த நீரில் அலைத்தலைகள் ஆங்காங்கே நன்றாக வெளுக்கத் தொடங்கினால் மணிக்கு 20 கி.மீ. பக்கம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். வேகம் இரட்டித்தால் தண்ணீரின் மீது அதன் தள்ளல் இரட்டிக்காது, நான்கு மடங்காகும். மரக்கிளை லேசாக ஆடும் நாளையும் தென்னை ஓலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் நாளையும் ஒரே மாதிரி நினைக்கக்கூடாது.

அறிகுறி: ஏற்ற நேரம் வந்துவிட்டது, தண்ணீர் ஏறவில்லை

ஆனியிலிருந்து ஆவணி வரை இந்தப் புகார்தான் அதிகம். தென்மேற்குப் பருவக்காலத்தில் நமக்கு மேற்கு, தென்மேற்குக் காற்று. காலையில் ஆற்றின் மேல்பரப்பு முழுக்கக் கடலை நோக்கி நகர்வதைப் பார்த்து, வற்றம் இன்னும் முடியவில்லை என்று எண்ணி மேலும் ஒரு மணி நேரம் காத்திருப்போம். ஏற்றமோ கீழே வந்துகொண்டிருக்கும்.

சோதனை இது. ஒரு தக்கையை வெறுமனே நீரில் விடுங்கள். பக்கத்திலேயே அரை அவுன்ஸ் ஈயம் கட்டிய தூண்டில் நரம்பைத் தரைக்கு இறக்கி, விரல் நுனியில் பிடித்திருங்கள். தக்கை கிழக்கே போகும்போது ஈயம் மேற்கே உருண்டால், ஏற்றம் வந்துவிட்டது என்று பொருள்: உப்புநீர் அடியில் உள்ளே வருகிறது, காற்று மேல்நீரை வெளியே தள்ளுகிறது. நல்ல நீர் இலேசு, உப்புநீர் கனம். அதனால் முகத்துவாரத்தில் இந்த இரண்டு அடுக்கு ஓட்டம் இயல்பாகவே உண்டு. மேற்குக் காற்று அதை இன்னும் கூர்மையாக்குகிறது. விரலில் ஈயம் ஊர்வதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது: மேலே தண்ணீர் ஒரு பக்கம் விரைய, நரம்பு நடுவில் வில்லாக வளைந்து எதிர்ப்பக்கம் இழுக்கும்.

அப்படியானால் தக்கைத் தூண்டிலைச் சுருட்டி வையுங்கள். இரை தரையில் கிடக்க வேண்டும். உயிர் இறாலையோ மடவைக் குஞ்சையோ கால்வாயின் ஆழமான பகுதியில் போடுங்கள். கொடுவா, செப்பிலி போன்ற வேட்டை மீன்கள் உப்பு ஏறும் அந்த அடிநீரோடுதான் உள்ளே வரும்.

ஈயமும் நகரவில்லை, தக்கை மட்டும் வெளியே போகிறது என்றால் பிரச்சினை முகத்துவாரத்துக்கு வெளியே, கடலில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்குக் காற்று நேராகக் கடல்நீரைத் தள்ளி மட்டத்தை இறக்குகிறது என்று நினைப்போம். ஆழ்கடலில் அந்த நேர்த்தள்ளல் மிகக் குறைவு. உண்மையில் மட்டத்தை இறக்குவது, கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கே வீசும் காற்று. பூமி சுழல்வதால், நம் அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் காற்றுக்கு வலப்பக்கமாக விலகும். தெற்குக் காற்றுக்கு வலப்பக்கம் கிழக்கு, அதாவது நமக்குக் கடல். ஓரிரு நாள் அந்தக் காற்று விடாமல் அடித்தால் கரையோர நீர் கடலுக்குள் விலகும், மட்டம் பத்து, பதினைந்து செ.மீ. இறங்கும், அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறும். கோடையில் கடலில் கால் வைத்ததும் சில்லென்று இருந்தால் அதுதான்.

இதற்கு மருந்து இடத்தை மாற்றுவது. மேடான பகுதிகளை விட்டுவிட்டு, ஆழமான வளைவுகளுக்கும் கிளைக்கால்வாய் வந்து சேரும் வாய்களுக்கும் போங்கள். தண்ணீர் குறைந்தால் மீன் கரைந்துபோவதில்லை, குறைந்த இடத்தில் நெருங்கி நிற்கிறது. பிச்சாவரத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களைப் பாருங்கள்: வாயில் ஒரு பறியை (மீன் கூடையை)க் கவ்விக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரு கைகளாலும் சேற்றைத் துழாவிப் போவார்கள். தண்ணீர் தாழ்ந்த பொழுது அவர்களுக்குத் துழாவும் தரை அகலமாகிறது. நமக்குக் கெட்ட காற்று என்று தோன்றுவது அவர்களுக்கு நல்ல காற்றாகலாம். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் தூண்டிலோடு நெருங்காதீர்கள். சேற்றில் முள் அறுந்து கிடந்தால் அடுத்து அது குத்துவது அவர்கள் கையில்.

அறிகுறி: வற்றம் வந்தும் தண்ணீர் இறங்க மறுக்கிறது

மேலே சொன்னதன் மறுபக்கம். ஐப்பசி, கார்த்திகையில் வாடை பிடித்த நாட்களில் பாருங்கள். வடக்கிலிருந்து வரும் காற்றுக்கு வலப்பக்கம் மேற்கு, அதாவது நம் கரை. கடல்நீர் கரையோடு வந்து குவியும். வடகிழக்குக் காற்றில் கிழக்குப் பங்கும் சேர்ந்திருப்பதால் வாய்க்குள்ளும் நீரைத் தள்ளும். அதோடு வங்கக்கடலில் தாழ்வு இருந்தால் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைய, கடல் ஏறத்தாழ ஒரு செ.மீ. உயரும். மேலிருந்து மழைவெள்ளமும் வரும். நான்கும் ஒன்றுசேர்ந்தால் வற்ற நேரத்திலும் அலையாத்தி வேர்கள் முங்கியே நிற்கும்.

மீனவருக்கு இதில் என்ன கேடு? வற்றத்தில் சிறு ஓடைகள் வடியும்போது குஞ்சு மீனும் இறாலும் வெளியே வந்தாக வேண்டும். ஓடை வாயில் கொடுவா காத்திருக்கும். தண்ணீர் வடியாவிட்டால் இறால் வேர்களுக்குள்ளேயே இருந்துவிடும், கொடுவாவும் அதைத் தேடி உள்ளே போய்விடும். நீங்கள் மட்டும் ஓடை வாயில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

செய்ய வேண்டியது: வேர் விளிம்புக்குப் போங்கள். படகிலிருந்து அலையாத்தி ஓரத்தை ஒட்டி, நிழல் விழும் பக்கமாக, ஈயமே இல்லாமல் உயிர் இரையை விடுங்கள். நரம்பு கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். செப்பிலி கடித்த மறுநொடி வேருக்குள் ஓடும். இன்னொரு வழி காத்திருத்தல். பிடித்து வைத்த தண்ணீர் காற்று தணிந்ததும் ஒரேயடியாக வெளியேறும். இரவில் காற்று விழுந்தால், அதற்கடுத்த முதல் வற்றம் வழக்கத்தைவிட வேகமாகவும் நீளமாகவும் ஓடும். என் அனுபவத்தில் வாடைக் காலத்தின் மிகச் சிறந்த நேரம் அதுதான். அன்றைக்கு ஓடை வாய்க்குத் திரும்புங்கள்.

அறிகுறி: தண்ணீர் கலங்கிவிட்டது, கடியே இல்லை

முதலில் எந்தக் கலங்கல் என்று பிரித்தறிய வேண்டும். மழைக்கலங்கல் செம்மண் நிறத்தில் ஆறு முழுவதும் ஒரே சீராக இருக்கும், இரண்டு கரையிலும் வேறுபாடு தெரியாது. காற்றுக்கலங்கல் ஒரு கரையில்தான் இருக்கும்: காற்று மோதும் கரை சாம்பல் சேறாகக் கிடக்க, எதிர்க்கரை தெளிவாக இருக்கும். காற்று மோதும் கரையில் ஆழம் குறைவு; சிற்றலை மோதினாலே சேறு எழும்பிவிடும்.

முழங்கை வரை கையை நீருக்குள் விட்டுப் பாருங்கள். விரல் நுனி மங்கலாகவாவது தெரிந்தால் இடத்தை விட்டுப் போகாதீர்கள். மணிக்கட்டோடு கை மறைந்துவிட்டால் நகருங்கள்.

ஆனால் எதிர்க்கரையின் கண்ணாடித் தண்ணீருக்கு ஓடிப் போவதும் சரியல்ல. காற்று மோதும் கரைக்கு மேல்நீரோடு நுண்ணுயிரியும் குஞ்சு மீனும் இறாலும் தள்ளப்பட்டு வந்து சேர்கின்றன. குவிந்த நீர் தரையோடு ஒட்டி எதிர்ப்பக்கம் திரும்பி ஓடுகிறது, கிளறிய சேற்றையும் புழுவையும் தூக்கிக்கொண்டு. தீனி அங்கேதான் இருக்கிறது. வேட்டை மீன் நிற்பது கலங்கலுக்கும் தெளிவுக்கும் நடுவிலுள்ள கோட்டில். சூரியன் உயர்ந்ததும் கரையில் நின்று பார்த்தால் அந்தக் கோடு வேட்டி விளிம்பு போலத் தெளிவாகத் தெரியும். இரையைத் தெளிவுப் பக்கத்தில் வீசி, கோட்டைத் தாண்டிச் சேற்றுக்குள் நுழையும்படி மெல்ல இழுங்கள். மடவைக் கூட்டம் சேற்றுப் பக்கத்தில் வாய் திறந்து மேய்வதும் தெரியும். வீச்சு வலைக்காரர்களுக்கு அது போதும்.

வீச்சு வலை பற்றி ஒன்று: காற்றை முதுகில் வாங்கி வீசுங்கள். முகத்தில் காற்று அடித்தால் வலை வட்டமாக விரியாது, ஒரு பக்கம் மடங்கி விழும், மடவை அந்த மடிப்பின் வழியே தப்பிவிடும். அதனால் காற்று மோதும் கரைக்குக் கரையிலிருந்து போகாமல், தோணியில் காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போய் அணுக வேண்டும்.

மழைக்கலங்கல் என்றால் கரை மாற்றித் தீர்வு கிடைக்காது. அதற்குத் தனிக் குறிப்பு கீழே.

அறிகுறி: இரை தின்னப்படுகிறது, கடி கைக்குத் தெரியவில்லை

நரம்பில் காற்று பிடித்திருக்கிறது. கம்பின் நுனிக்கும் நீருக்கும் இடையே நரம்பு வயிறு தள்ளி நின்றால், கிழங்கான் மாதிரி மெல்லக் கொத்தும் மீன் இரையைத் தின்று முடிக்கும் வரை தகவல் கைக்கு வராது. கம்பு நுனியை நீர்மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். காற்றுக்குக் குறுக்கே வீசாமல், முடிந்தவரை காற்றோடு அல்லது காற்றை எதிர்த்து நேர்கோட்டில் வீசுங்கள். நரம்பை ஒரு அளவு மெல்லியதாக்குங்கள், ஈயத்தைக் கூட்டுங்கள். உருண்டை ஈயத்தைவிடத் தட்டை ஈயம் சேற்றில் நிற்கும். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

அறிகுறி: நங்கூரம் போட்டும் படகு சொன்ன பேச்சு கேட்கவில்லை

காற்றும் நீரும் எதிரெதிரே போகின்றன. நீர் படகின் அடியைப் பிடிக்கிறது, காற்று மேல்பகுதியைப் பிடிக்கிறது, படகு குறுக்கே திரும்பி நிற்கிறது. பின்பக்கம் வீசிய தூண்டில் நங்கூரக் கயிற்றைச் சுற்றும். இலேசான பைபர் படகில் காற்று ஜெயிக்கும், கனமான மரத்தோணியில் நீர் ஜெயிக்கும். பக்கத்துத் தோணி நிற்கும் கோணத்தைப் பார்த்து உங்கள் படகைப் போடாதீர்கள்.

கயிற்றை ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது விடுங்கள். அதிலும் அடங்காவிட்டால் நங்கூரத்தை எடுத்துவிட்டு, காற்று மறையும் ஒரு வளைவுக்குள் போய்விடுங்கள். கிள்ளைப் பக்கம் வடக்கு தெற்காகப் போகும் கால்வாய்கள் நிறைய. கிழக்கு, மேற்குக் காற்றுகள் அவற்றைக் குறுக்கேதான் கடக்கும், அலையாத்தி மதில் தடுக்கும். தெற்குக் காற்றில் அதே கால்வாய்கள் காற்றுக்கு நேரான ஓட்டப்பாதையாகிவிடும். அப்போது கிழக்கு மேற்குக் கிளைகளுக்குள் நுழைய வேண்டும்.

நீளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு மீட்டர் ஆழமுள்ள, 5 கி.மீ. நீளமான கழியில் மணிக்கு 36 கி.மீ. காற்று நீளவாக்கில் வீசினால், ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் மட்டத்தில் ஏறத்தாழ 8 செ.மீ. வித்தியாசம் வரும். ஆழம் இரட்டித்தால் அது பாதியாகும், நீளம் இரட்டித்தால் இரட்டிக்கும். பழவேற்காடு ஏரி வடக்கு தெற்காகச் சுமார் 60 கி.மீ. நீளம், ஆழமோ மிகக் குறைவு. அங்கே வாடைக்கும் தென்றலுக்கும் ஏரியின் இரு முனைகளும் மாறி மாறி நனைவதும் காய்வதும் ஏன் என்று இதிலிருந்தே விளங்கும்.

அறிகுறி: காலையில் பட்டது, மதியத்துக்குள் நின்றுபோனது

சித்திரை, வைகாசியில் இது தினசரி நாடகம். விடியலில் நிலத்திலிருந்து மெல்லிய மேற்குக் காற்று, மேற்குக் கரையோரம் நீர் அசையாமல் இருக்கும், சேத்தக்கெண்டை வேர் அருகே மேயும். நிலம் சுட்டதும் கடற்காற்று உள்ளே நுழையும். நண்பகலை ஒட்டி வருவது வழக்கம். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் அது பிந்திவரும், சில நாள் வராமலே போகும்; கரையோர ஊர்கள் வெந்து தவிக்கும் நாட்கள் அவைதான்.

கடற்காற்று நுழைவதைக் கண்ணால் பார்க்கலாம். வாய்ப் பக்கம் நீர் முதலில் கருநீலமாகக் கோடு போடும், அந்தக் கோடு ஆற்றில் மேலே ஏறி வரும், அது உங்களைக் கடந்ததும் தக்கை எதிர்த்திசையில் திரும்பும். அந்தத் திரும்பலுக்குப் பிறகும் அதே கரையில் நிற்பதுதான் பிழை. இப்போது காற்று மோதும் கரை மேற்கும் வடமேற்கும். குஞ்சு மீன் அந்தப் பக்கம் நகரும். அரை மணி நேரம் கொடுத்துவிட்டு நீங்களும் மாறுங்கள். கடற்காற்றும் ஏற்றமும் ஒரே நேரத்தில் அமைந்த பிற்பகல் கிடைத்தால் இன்னும் உள்ளே, ஆற்றுப் பாலத்துக்கு மேற்கே கூடப் போகலாம். இரண்டும் ஒரே பக்கம் தள்ளுவதால் தெளிந்த கடல்நீர் வெகுதூரம் ஏறும், அதோடு பாறை மீனும் சிறு ஊளி மீனும் ஏறும்.

கடற்காற்று பெரும்பாலும் தென்கிழக்காக இருக்கும். கழிக்குள் அது நீரைத் தள்ளும், ஆனால் அதன் தெற்குப் பங்கு நாள்கணக்கில் நீடித்தால் வெளியே கடல்மட்டத்தை இறக்கும். இரண்டும் இழுபறியில் இருக்கும் வாரங்களில் அட்டவணையைவிட வேரில் ஒட்டிய சிப்பிக் கோட்டைப் பார்த்து மட்டத்தை அறிவதே நம்பகமானது.

அறிகுறி: முகத்துவாரத்தில் அலை உடைகிறது

இது மீன் பற்றிய அறிகுறி இல்லை, உயிர் பற்றியது. மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

வற்றம் ஆற்றுநீரையும் கழிநீரையும் சேர்த்து ஒரு குறுகிய வாய் வழியே வெளியே தள்ளுகிறது. அதே நேரம் கிழக்குக் காற்று கடலிலிருந்து அலையைக் கொண்டுவருகிறது. எதிர்நீரில் நுழையும் அலை மெதுவாகும். அதன் நீளம் குறுகும், உயரம் கூடும், முகம் செங்குத்தாகும். வாயில் மணல் மேடும் இருப்பதால் ஆழம் திடீரெனக் குறைந்து அங்கேயே உடையும். வெளியே அரை மீட்டராகத் தெரிந்த அலை, வாயில் படகைக் கவிழ்க்கும் அளவுக்கு எழலாம். அன்னங்கோயில் பக்கம் கரையில் நிற்பவருக்கு இது விரைவில் புரியும்: அதே காற்று, அதே கடல், ஏற்றத்தில் அமைதியாக இருந்த வாய், ஓதம் திரும்பிய சிறிது நேரத்தில் வெள்ளையாகிவிடும்.

நீங்கள் உள்ளே இருந்தால் வெளியே போகாதீர்கள். வெளியே இருந்தால் அவசரப்பட்டு உள்ளே வராதீர்கள். ஆழமான நீரில் காற்றுக்கு முகம் காட்டிக் காத்திருங்கள். ஓதம் திரும்பி ஏற்றம் தொடங்கியதும் நீரும் அலையும் ஒரே பக்கம் போகும், அலை நீண்டு தாழும், வாய் திறக்கும். ஒரு வற்றம் முடிய ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அதில் மிக மோசமானது நடுப்பகுதி. மழைவெள்ளம் இறங்கும் நாளில் ஏற்றத்திலும் நீர் வெளியே ஓடிக்கொண்டிருக்கலாம். அப்போது இந்தக் காத்திருப்பு பலிக்காது, ஊருக்குத் தொலைபேசியில் சொல்லி வேறு துறைமுகத்துக்குப் போக வேண்டியதுதான்.

மிதவைச் சட்டை அணியாமல் வாயைக் கடக்க வேண்டாம். கடலோரக் காவல் படை 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டு எண்களையும் கைபேசியில் சேர்த்துவையுங்கள், கைபேசியை நீர்புகாப் பையில் வையுங்கள். புறப்படும் முன் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கரையிலிருந்து தூண்டில் போடுபவர்களுக்கும் இது உண்டு: வாயின் மணல் முனையில் நின்று கிழக்குக் காற்றில், வற்றத்தில், முழங்கால் நீருக்கு மேல் இறங்காதீர்கள். அங்கே கொடுவா உண்டு என்பது உண்மை. அந்த நேரத்தில் அது வேண்டாம்.

அறிகுறி: மழைக்குப் பின் கெளுத்தி மட்டும்தான் படுகிறது

மேலே நல்ல நீர், கீழே உப்புநீர். உப்பு தேடும் மீன்கள் அடியிலும் வாய்ப்பக்கத்திலும் ஒதுங்கிவிட்டன. குறைந்த உப்பையும் கலங்கலையும் தாங்கும் கெளுத்தி மணத்தைப் பிடித்தே இரைக்கு வருகிறது. அதன் முதுகு முள்ளும் பக்க முள்ளும் விஷம், துணியால் பிடித்துக் கழற்றுங்கள்.

இங்கே காற்றைத் துணைக்கு அழைக்கலாம். மேற்குக் காற்று நல்ல நீரை மெல்லிய படலமாக வெளியே இழுத்துச் செல்லும், அடியில் உப்புநீரை உள்ளே ஈர்க்கும். ஆழக் கால்வாயில் தரையில் தேடுங்கள். கிழக்குக் காற்று நல்ல நீரைக் கழிக்குள்ளேயே அடைத்து, இரண்டு நீரையும் கலக்கும். அந்த நாட்களில் உள்ளே அலைவது வீண், வாய்க்கு அருகே, பாதுகாப்பான உட்பக்கத்தில் மட்டும் முயலுங்கள்.

அறிகுறி: காற்றே இல்லை, விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன

நீரில் பிராணவாயு குறைந்துவிட்டது. வெப்பமான, அசைவற்ற, அட்டமி நவமியை ஒட்டிய இரவுகளில் மூடிய கிளைக்கால்வாய்களில் இது நேரும். இரவு முழுக்கப் பாசியும் மீனும் சேறும் பிராணவாயுவை இழுக்கின்றன, கலக்கிவிடக் காற்றும் இல்லை, கொண்டுவர ஓதமும் போதவில்லை. அந்த மீன் இரை எடுக்காது. வலை வீசினால் எளிதாக விழும். திணறும் மீனை அள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை, அதிலும் குஞ்சுகள்தான் அதிகம் இருக்கும். பிரதான ஆற்றோட்டத்துக்குப் போங்கள். காற்று எழுந்து நீரில் சுருக்கம் விழுந்த ஒரு மணி நேரத்துக்குப் பின் திரும்பி வந்து பாருங்கள். மீன்கள் செத்தே மிதந்தால், நீரின் நிறமோ நாற்றமோ மாறியிருந்தால், அது காற்றின் வேலையாக இல்லாமலும் இருக்கலாம். பிடிப்பதை நிறுத்திவிட்டு மீன்வளத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

அறிகுறி: தக்கையும் நகரவில்லை, ஈயமும் நகரவில்லை, நாள்கணக்கில் இதே நிலை

வாய் மூடியிருக்கலாம். வெள்ளாற்று வாய் பொதுவாகத் திறந்தே இருப்பது. அடையாறு, முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற இடங்களில் மணல் மேடு வளர்ந்து வாயை அடைப்பது அடிக்கடி கேட்கும் செய்தி. இதற்கும் மூலம் காற்றுதான். தென்மேற்குக் காலத்து அலை கரையோர மணலை வடக்கே நகர்த்துகிறது, வடகிழக்குக் காலத்து அலை தெற்கே நகர்த்துகிறது. ஆற்றில் நீர் குறைந்த மாதங்களில் அந்த மணலைத் தள்ளிவிடும் பலம் ஓதத்துக்கு மட்டும் இருப்பதில்லை.

மூடிய வாய்க்குப் பின்னால் உள்ள கழி ஒரு குளம்தான். ஓத அட்டவணையை மடித்து வைத்துவிடலாம். அங்கே நீரை நகர்த்துவது காற்று மட்டுமே: காற்று மோதும் கரை, அதன் கலங்கல் கோடு, காலை மேற்குக் காற்றுக்கும் பிற்பகல் கடற்காற்றுக்கும் இடையே கரை மாறுவது, இந்த மூன்றை வைத்தே நாளைத் திட்டமிடுங்கள். உப்பு மாறிக்கொண்டே போகும், மடவையும் சேத்தக்கெண்டையும் தாங்கும்.

மழையிலோ, ஆட்கள் வெட்டியோ வாய் திறக்கும் நாளில் உள்ளே அடைபட்ட இறாலும் மீனும் ஒரே ஓட்டமாகக் கடலுக்குப் போகும். கொடுவாவும் காலாவும் வெளிப்பக்கம் வந்து காத்திருக்கும். அன்று வெட்டுவாயின் விளிம்பில் நிற்காதீர்கள். நீர் மணலை அடியில் அரித்துக்கொண்டே போகும், மேலே தரை உறுதியாகத் தெரியும், ஆள் உயரத்துக்கு ஒரு துண்டு அப்படியே சரியும். விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, கடற்கரைப் பக்கம் காற்று முதுகில் படும்படி நின்று, வெளியேறும் கலங்கல் நீரின் ஓரத்தில் இரையை விடுங்கள்.